முந்திரிக் காட்டு வழியில் ஒரு தாமரைக் குளம்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இரு நகரங்களுக்கும் ஏறக்குறைய நடுவே, கந்தர்வக்கோட்டை அமைந்திருக்கிறது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளையும் பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் நிலத்தையும் சேர்த்து 1974 சனவரி 14 அன்று உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில் இது இன்று ஒரு வட்டத்தின் தலைமையிடம். காவிரிப் பாசனத்தின் கருவண்டல் முடிந்து, மழையையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய செம்மண் பூமி தொடங்கிவிட்டது என்பதை மருங்குளத்தைக் கடக்கும்போதே சாலையோர மண்ணின் நிறம் அறிவித்துவிடுவதால், இவ்வூரை இரண்டு நிலங்களின் வாசற்படி என்று கொள்வது பொருந்தும். பேருந்தில் ஒரு முற்பகலுக்குள் கடந்துவிடக்கூடிய இந்தச் சிறிய தூரத்தின் வடமுனையில் காகிதத்தில் வரைந்த படங்களும் தென்முனையில் பாறையில் தீட்டிய படங்களும் இருக்க, இடையில் அந்தப் படங்களுக்குப் பொருளாக நின்ற மரங்களே உயிருடன் வளர்ந்து நிற்கின்றன என்பதுதான் இவ்வழியின் தனிச்சிறப்பு.

இங்கே பேசப்படும் படங்கள் பார்த்து மகிழ்வதற்காக மட்டும் வரையப்பட்டவை அல்ல. ஒரு செடியை, ஒரு பறவையை, ஒரு நோயை, ஒரு கோபுரத்தை நேரில் பார்த்திராத ஒருவர் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்ற நோக்கத்துடன் தீட்டப்பட்டவை அவை. ஒளிப்படக் கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்படும்வரை, அறிவியலின் கண்ணாக இருந்தவர் ஓவியரே. அவர் இலையின் விளிம்பில் எத்தனை பல் வைத்தாரோ அத்தனை பல்தான் பல ஆயிரம் மைலுக்கு அப்பால் அமர்ந்திருந்த அறிஞருக்குத் தெரிந்தது. அத்தகைய பொறுப்பைச் சுமந்த கைகளின் பெயர்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன, எங்கே விடுபட்டிருக்கின்றன என்ற கேள்வியோடு இவ்வழியில் பயணம் செய்வது, ஊர்களைப் பார்த்துச் செல்வதைவிடப் பயனுள்ளதாக அமைகிறது.

பயணத்தின் தொடக்கம் தஞ்சை அரண்மனை வளாகத்திலுள்ள சரசுவதி மகால் நூலகமாகும். நாயக்கர் காலத்தில் தோன்றி மராத்திய மன்னர்களால் வளர்க்கப்பட்ட இந்நூலகத்தை இன்றைய பெருமைக்கு உயர்த்தியவர், 1798 முதல் 1832 வரை அரசுப் பட்டத்தில் இருந்த இரண்டாம் சரபோசி மன்னர். 1777-இல் பிறந்த இவர், சுவார்ட்சு பாதிரியாரின் பாதுகாப்பிலும் சென்னையில் கெரிக்கே பாதிரியாரிடமும் ஐரோப்பியக் கல்வி பெற்றவர். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நாட்டின் நிருவாகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட, கோட்டைக்குள் மட்டும் அதிகாரம் எஞ்சிய நிலையில், அந்த மன்னர் தம் செல்வத்தையும் பொழுதையும் நூல்களிலும் கருவிகளிலும் படங்களிலும் செலுத்தினார். 1826-இல் தஞ்சைக்கு வந்து அவரைச் சந்தித்த கல்கத்தா பேராயர் ஹீபர், இலாவாசியர், இலின்னேயசு, பஃபான் ஆகியோரின் கருத்துகளை மன்னர் தடையின்றி எடுத்துரைத்தார் என்று வியந்து குறித்திருக்கிறார். முதலாமவர் வேதியியலுக்கும் மற்ற இருவரும் உயிரினங்களின் வகைப்பாட்டுக்கும் வரலாற்றுக்கும் பெயர் பெற்றவர்கள் என்பதை நினைத்தால், காவிரிக் கரையில் அமர்ந்து அந்நூல்களைப் படித்த ஒருவரின் ஆர்வத்தின் அளவு விளங்கும்.

நூலகத்தின் அருங்காட்சியகப் பகுதியில் நிற்பவர் முதலில் காண்பது கலவையான ஒரு தொகுப்பு. பிரெஞ்சு ஓவியர் சார்லசு இலெ புருன் வரைந்த முகக்குறி ஓவியங்களில், ஆந்தையின் தலைக்கு அருகே ஆந்தையை ஒத்த மனித முகமும், ஒட்டகத்தின் தலைக்கு அருகே ஒட்டகத்தை ஒத்த மனித முகமும் வைக்கப்பட்டிருக்கின்றன. முகத்தின் அமைப்பைக் கொண்டு குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற அந்தப் பதினேழாம் நூற்றாண்டுக் கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆயினும் ஒரு விலங்கின் புருவ எலும்பையும் தாடையையும் இவ்வளவு கூர்ந்து பார்த்த கண்ணை மறுக்க முடியாது. யானைகளின் இலக்கணம் கூறும் கஜசாத்திரச் சுவடியும் குதிரைகளைப் பற்றிய அசுவசாத்திரச் சுவடியும் வண்ணப் படங்களோடு இதே நூலகத்தில் இருப்பதால், ஐரோப்பிய முறையும் இந்நாட்டு முறையும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று சொல்லலாம். மன்னரின் ஓவியர்கள் தீட்டிய பறவை, விலங்குப் படங்களின் தொகுப்பொன்று, தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் டாரின் வழியாக இலண்டனுக்குச் சென்று, இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

இவற்றுள் மனத்தை நெடுநேரம் பிடித்து வைப்பவை கண்நோய்க் குறிப்பேடுகள். சரபோசி மன்னர் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தி, தமிழ் வைத்தியம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகியவற்றின் முறைகளை ஆராயச் செய்தார். சோதித்து உறுதி செய்த மருந்துகள் தமிழ்ப் பாடல்களாக ஆக்கப்பட்டு, சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் பிற்காலத்தில் அச்சேறின. கண்நோய்க்கு அங்கே தனிக் கவனம் இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய குறிப்புத்தாள்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் நோயுற்ற கண்ணின் படமும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. இமையும் இமைமயிரும் விழிவெண்படலமும் பாவையும் அளவு பிசகாமல் வரையப்பட்டு, நோய் எந்த இடத்தைப் பற்றியிருக்கிறதோ அந்த இடம் மட்டும் நிறத்தால் வேறுபடுத்திக் காட்டப்பட்டிருக்கும் அந்தச் சிறு படத்தின் முன் நிற்கையில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் தம் வலியைப் பொறுத்துக்கொண்டு இமைக்காமல் அமர்ந்திருந்ததும், எதிரே மற்றொருவர் மெல்லிய தூரிகையால் அந்தச் சிவப்பைக் காகிதத்தில் ஏற்றியதும் கண்முன் வந்து நிற்கின்றன. நோயும் மருந்தும் தாளில் பதிவாகிவிட்டன. படத்தைத் தீட்டிய கைக்கு உரியவர் யார் என்பது மட்டும் படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

தஞ்சையைப் படமெடுத்த அயலவர்களின் பணியை இவ்விடத்தில் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். ஆங்கில ஓவியர்களான தாமசு டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தென்னாட்டைச் சுற்றி வந்து பெரிய கோயிலை வரைந்தனர்; அந்தப் படம் பின்னர் அவர்களுடைய கீழைக் காட்சிகள் என்ற 144 படங்கள் கொண்ட பெருந்தொகுப்பில் இடம்பெற்றது. பிசின் தூளைச் செப்புத்தகட்டின் மேல் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, தூளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை அமிலத்தால் அரிக்கச் செய்வதால் நீர்வண்ணத்தைப் போன்ற மென்சாயல் கிடைக்கும் அச்சுமுறையை அவர்கள் கையாண்டனர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1782-இல், பிரெஞ்சு இயற்கையறிஞர் பியர் சொன்னெரா பாரிசில் வெளியிட்ட பயண நூலில், தமிழகத்துத் தெய்வங்களும் தொழிலாளரும் செப்புத்தகட்டுப் படங்களாக வெளிவந்திருந்தனர். நம் மலைகளின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் சொன்னெராவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பறவைக்குத் தம் பெயரைக் கொடுத்துச் சென்ற அறிஞர்கள் பலர். அப்பறவைகளை வரைந்தவர்களுக்கு அந்தப் பேறு வாய்ப்பது மிக அரிது.

தஞ்சை நகரை விட்டுத் தெற்கே திரும்பும் பேருந்து, மக்கள் புது ஆறு என்று வழங்கும் கல்லணைக் கால்வாயைக் கடந்ததும், வயல்களின் பசுமை படிப்படியாக மெலிந்து, செம்மண் மேடுகளும் தைலமரத் தோப்புகளும் இருபுறமும் வரத் தொடங்குகின்றன. தைலமரம் என்று இங்கே வழங்கும் யூகலிப்டசு ஆசுத்திரேலியாவிலிருந்து வந்தது. அந்தப் பேரினத்துக்கு அறிவியல் பெயர் சூட்டிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே, 1788-ஆம் ஆண்டைத் தாங்கிய தம் நூலில், உலர்ந்த கிளையொன்றைப் பார்த்து வரையப்பட்ட படத்தோடு அதை அறிமுகப்படுத்தினார். அதை வரைந்தவர், பிற்காலத்தில் உரோசாப் பூக்களை வரைந்து ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற ரெதூத்தே. சாலையோரத்தில் வரிசையாக நின்று நிலத்தடி நீரை உறிஞ்சுவதாக ஊர்மக்களால் குறை கூறப்படும் இம்மரத்துக்கும் இப்படி ஒரு படத்தின் வழியே அறிவுலகில் நுழைந்த கதை உண்டு என்பதை அறியும்போது, பழகிய காட்சி சற்றே புதிதாகிறது.

கந்தர்வக்கோட்டையை அடைந்ததும் முந்திரிதான் கண்ணில் நிறைகிறது. கடைத்தெருவும் பேருந்து நிலையமும் எந்தச் சிற்றூரிலும் இருப்பவை போன்றவையே. ஊரைத் தாண்டிச் செம்மண் தடத்தில் இறங்கினால், தாழ்ந்து படர்ந்த கிளைகள் தரையைத் தொடுமளவுக்குக் கவிந்த முந்திரிக் காடுகள் தொடங்குகின்றன. தை, மாசியில் பூத்துப் பங்குனி, சித்திரையில் காய்த்து நிற்கும்போது, மஞ்சளும் சிவப்புமான பழத்தின் அடியில் சிறுநீரக வடிவில் ஒரு கொட்டை தொங்கும். பழம் என்று நாம் சாப்பிடுவது உண்மையில் பழம் அன்று, பூக்காம்பு பருத்துச் சாறு நிறைந்த பகுதி. அடியில் தொங்கும் கொட்டையே தாவரவியல் இலக்கணப்படி கனியாகும். பழத்தின் உள்ளே இருக்க வேண்டிய விதை வெளியே தொங்குகிறதே என்று முதன்முதலாகப் பார்த்தவர்கள் வியந்து போனதற்கு இந்த அமைப்பே காரணம். இதைச் சொல்லால் விளக்குவதைவிடப் படத்தால் காட்டுவதே எளிது என்பதால், முந்திரியின் வரலாறு பெரும்பாலும் படங்களின் வரலாறாகவே அமைந்துவிட்டது.

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலையில் வரும் ஆதனக்கோட்டையில் அந்தக் கொட்டையை அருகிருந்து பார்க்கலாம். சாலையோரக் கொட்டகைகளில் பெண்கள் அடியில் துளையிட்ட தகரச் சட்டியில் பச்சைக் கொட்டைகளைக் கொட்டி, கீழே விறகை மூட்டுகிறார்கள். ஓட்டின் உள்ளே தேன்கூடு போன்ற அறைகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய் சூடேறிக் கசிந்ததும் சட்டியிலேயே தீப்பற்றிக்கொள்ள, கரும்புகை மேலெழுகிறது. நீண்ட கோலால் விடாமல் கிளறி, ஓடு கருகிய பதத்தில் சட்டியைக் கவிழ்த்து, மண்ணைத் தூவித் தீயை அணைக்கிறார்கள். ஆறிய கொட்டையை விளிம்பில் நிறுத்திக் கட்டையால் ஒரே தட்டு. பருப்பு உடையாமல் ஓடு மட்டும் பிளக்க வேண்டும். அந்த எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள். அப்படியும் பல ஆண்டுகள் இத்தொழிலைச் செய்த விரல்நுனிகளின் கருமை எளிதில் போவதில்லை. சூடு ஆறாத பருப்பைக் காகிதத்தில் பொதிந்து வாங்கிக்கொண்டு போகும் பயணி, அந்த விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

முந்திரி பிரேசிலைப் பிறப்பிடமாகக் கொண்ட மரம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு மேற்குக் கடற்கரையில் வந்து இறங்கியது. இம்மரத்தின் மிகப் பழைய அச்சுப்படம், பிரேசிலில் சில மாதங்கள் தங்கித் திரும்பிய பிரெஞ்சுத் துறவி ஆந்திரே தெவே 1557-இல் பாரிசில் வெளியிட்ட நூலில் உள்ளது. பழங்குடி மக்கள் மரத்திலேறிப் பழம் பறிப்பதையும் சாறு பிழிவதையும் காட்டும் அந்தப் படம் மரக்கட்டை அச்சு, அதாவது வெள்ளையாக விட வேண்டிய இடங்களைக் கட்டையிலிருந்து குடைந்து எடுத்து, மேடாக நிற்கும் கோடுகளில் மை தடவி அச்சிடும் முறையில் ஆனது. அதில் மரத்தைவிட மனிதர்களே முதன்மை பெறுகிறார்கள். ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரேடு உருவாக்கிய ஓர்த்துசு மலபாரிக்கசு என்ற பெருநூலின் மூன்றாம் தொகுதியில், 1682-இல், முந்திரி கப்ப மாவா என்ற மலையாளப் பெயரோடு மீண்டும் வருகிறது. கப்பலில் வந்த மா என்று அந்தப் பெயரைப் பொருள் கொள்வார்கள். இம்முறை மனிதர் யாருமில்லை. கிளையும் இலையும் பூங்கொத்தும் பழமும் அதன் அடியில் தொங்கும் கொட்டையும் தாள் முழுவதையும் நிறைத்து நிற்கின்றன. வேடிக்கை பார்த்த கண் ஆராய்ந்து பார்க்கும் கண்ணாக மாறியதை இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் போதும், விளக்கம் இன்றியே உணரலாம்.

1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் வெளிவந்த அந்நூலின் 700-க்கும் மேற்பட்ட படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டவை. கூரிய எஃகு உளியால் தகட்டில் கோடுகளை உழுவதும், தகடு முழுவதும் மை பூசித் துடைத்துக் கோடுகளின் பள்ளத்தில் மட்டும் மையைத் தங்கவிடுவதும், ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கு இடையே கடும் அழுத்தத்தில் செலுத்தி மையைக் காகிதத்துக்கு ஏற்றுவதும் இம்முறையின் படிகள். அச்சில் இடது வலமாகவும் வலது இடமாகவும் மாறிவிடும் என்பதால், செதுக்குபவர் மூலப்படத்தைத் தகட்டில் திருப்பி வரைய வேண்டும். மறந்தால், வலம் சுற்றி ஏறும் கொடி அச்சில் இடம் சுற்றி ஏறும். செடியை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் தொலைநாட்டில் அமர்ந்து இதைச் செய்தார் என்பதை நினைத்தால், கொச்சியில் வரையப்பட்ட மூலப்படம் எவ்வளவு துல்லியமாக இருந்திருக்க வேண்டும் என்பது தெரியும்.

பெயர்களைப் பொறுத்தவரை இந்நூல் அக்காலத்துக்கு மிஞ்சிய நேர்மையைக் காட்டுகிறது. மருந்துச் செடிகளின் பெயரையும் பயனையும் சொல்லிக்கொடுத்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றுரையும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய கொங்கணி அந்தணர் மூவரின் சான்றுரையும் அவரவர் எழுத்து வடிவத்திலேயே முதல் தொகுதியில் செதுக்கி அச்சிடப்பட்டன. பிற்காலத்தில் இலின்னேயசு இந்தியாவுக்கு வராமலேயே நம் நாட்டுத் தாவரங்கள் பலவற்றுக்குப் பெயர் சூட்டியது இந்தப் படங்களை நம்பித்தான். முந்திரிக்கு அவர் 1753-இல் கொடுத்த பெயரில் மேற்கு நாட்டது என்ற பொருளுடைய அடைமொழி சேர்ந்திருக்கிறது. கிழக்கு நாட்டு இணையாக அந்நாளைய மருந்து நூல்கள் கருதியது, சித்த வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கும் சேங்கொட்டையை.

செப்புத்தகட்டைவிட மலிவாகவும் விரைவாகவும் படங்களைப் பெருக்கும் வழி கல்லச்சால் வந்தது. 1796-இல் பவேரியாவில் செனிபெல்டர் கண்டுபிடித்த இம்முறையில் செதுக்குவதே இல்லை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு கலந்த மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்தால், வரைந்த இடம் நீரை விலக்கி அச்சு மையை ஏற்கும், வரையாத இடம் நீரை ஏற்று மையை விலக்கும். இதைக் கற்றுக்கொண்டு சென்னை மாகாணத்தில் தாவரப் படங்களை அச்சிட்டவர் இராபர்ட் வைட் என்ற இசுகாட்லாந்து மருத்துவர். 1828 முதல் மூன்றாண்டுகள் நாகப்பட்டினத்தில் படை மருத்துவராக இருந்து காவிரிச் சமவெளியின் செடிகளைச் சேகரித்த இவர், 1838 முதல் 1853 வரை ஐகோனிசு என்ற தலைப்பில் ஆறு தொகுதிகளை வெளியிட்டார். அவற்றிலுள்ள படங்களின் எண்ணிக்கை 2,101. தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ஆராய்பவர் எவரும் அந்த எண்களைக் குறிப்பிடாமல் இன்றும் எழுத முடியாது.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் இருவர். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. சுவர்களிலும் மரப்பலகைகளிலும் கடவுளரையும் மன்னரையும் தீட்டிப் பழகிய தென்னாட்டு ஓவிய மரபிலிருந்து வந்த இவர்கள், பூவை நெடுக்காகப் பிளந்து சூலகத்தின் அறைகளையும் மகரந்தப் பையின் வெடிப்பையும் உருப்பெருக்கிக் காட்டும் புதிய வேலையை ஏற்றுக்கொண்டார்கள். மயிலின் தோகைக்கும் அம்மனின் நகைக்கும் பழகிய நுண்மை, புல்லின் உமிக்கும் மல்லியின் இதழுக்கும் பயன்பட்டது. வரைந்தவர் பெயரை விட்டுவிடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், வைட் தம் நூலின் படங்களுக்கு அடியில் அவர்களுடைய பெயரை அச்சிட்டார்; அதற்கும் மேலாக, 1853-இல் ஓர் ஆர்க்கிடு பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். ஓர் இந்திய ஓவியருக்கு அறிவியல் செய்த மிகப்பெரிய மரியாதைகளுள் அதுவும் ஒன்று. பின்னர் வந்த வகைப்பாட்டாளர்கள் அந்தப் பேரினத்தை முன்பே பெயரிடப்பட்ட மற்றொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால், கோவிந்துவின் பெயர் இன்று இணைப்பெயர்ப் பட்டியலில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அவர்கள் தீட்டிய மூலப்படங்களில் பெரும்பகுதி எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் பாதுகாக்கப்படுகிறது.

புதுக்கோட்டையை அடைபவர் திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மேற்கே செல்லலாம். கந்தர்வர் என்போர் புராணங்களில் விண்ணுலக இசைவாணர்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய ஊரைக் கடந்து வந்தவருக்கு அத்திசையிலுள்ள குடுமியான்மலையின் இசைக்கல்வெட்டு நினைவுக்கு வருவது இயல்பே. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்குரிய ஏழு பிரிவுகளாக, 38 வரிகளில் சுரங்களைப் பாறையில் பொறித்திருக்கும் அக்கல்வெட்டு, காதால் கேட்பதைக் கல்லில் படமாக்கிய அரிய முயற்சி. உருத்திராசாரியரின் மாணவரான அரசர் செய்தது என்று முடியும் அதில் ஆசிரியரின் பெயர் உண்டு, அரசரின் பெயர் இல்லை.

சித்தன்னவாசல் குன்று புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. குன்றின் ஒருபக்கத்தில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ள ஏழடிப்பட்டம். மறுபக்கத்தில் அறிவர் கோயில் எனப்படும் குடைவரை. அதன் அர்த்த மண்டபத்தின் தாழ்ந்த விதானத்தில்தான் அந்தத் தாமரைக் குளம் இருக்கிறது. பாறையின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, அது உலர்ந்தபின் வண்ணம் தீட்டிய முறை இது. கரியும் சுண்ணாம்பும் காவிமண்ணும் மஞ்சள் மண்ணும் பச்சை மண்ணும் வண்ணங்களாயின என்பதை, 1930-களில் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் பரமசிவன் செய்த ஆய்வுகள் தெளிவாக்கின. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்ற மண்டபத்தைச் சூழ்ந்த நிலப்பகுதிகளுள் ஒன்றான நீர்நிலையை இக்காட்சி குறிக்கிறது. அங்கே பவ்வியர், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியுடையோர், பூப்பறிக்கிறார்கள்.

சமயப் பொருள் அதுவாக இருக்க, தலையை அண்ணாந்து சில நிமிடம் பார்த்தால் ஓவியரின் கண் வேறொன்றிலும் தோய்ந்திருந்தது புலப்படும். குளத்தில் யானையும் எருமையும் இறங்கியிருக்கின்றன, மீன்கள் திரிகின்றன, அன்னங்கள் இணையாக மிதக்கின்றன. தாமரை ஒரே வார்ப்பாகத் திரும்பத் திரும்ப வரையப்படவில்லை. மொட்டாக ஒன்று, பாதி விரிந்ததாக ஒன்று, முழுதும் மலர்ந்து நடுப்பொகுட்டைக் காட்டுவதாக ஒன்று என்று பூவின் ஒவ்வொரு நாளும் அங்கே இருக்கிறது. இலைகள் சில நீரில் படிந்தும் சில காம்பின்மேல் உயர்ந்து விளிம்பு சுருண்டும் நிற்கின்றன. இலையை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்த ஒருவரால்தான் அந்தச் சுருளை இடமுடியும். மழைக்காலத்துக்குப் பின் இந்த வட்டாரத்தின் எந்தக் குளக்கரையிலும் அமர்ந்து இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். வைட்டின் தாளில் கோவிந்து செய்ததை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த விதானத்தில் ஒருவர் செய்திருக்கிறார் என்றால் அது மிகையன்று. அவருக்கு நுண்ணோக்காடி இல்லை, அச்சு இல்லை, தாவரவியல் என்ற சொல்லும் இல்லை.

குடைவரையின் பக்கத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபத்தை எடுப்பித்ததைச் சொல்கிறது. மன்னனுக்குப் பெயர் உண்டு, திருப்பணி செய்த ஆசிரியருக்குப் பெயர் உண்டு; தாமரையை வரைந்தவருக்கு இல்லை. சாந்து பெயர்ந்தும் மனிதக் கைகளால் கீறப்பட்டும் ஓவியத்தின் பெரும்பகுதி போய்விட்டது, எஞ்சியது விதானத்தின் ஒரு பகுதியும் தூண்களின் மேற்புறமும்தான் என்பதை நேரில் காணும் எவருக்கும் நெஞ்சு கனக்காமல் இராது.

இந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. ஆனால் எஞ்சியவற்றை இவ்வழியில் வாழ்பவர்களுக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியும். ஓர்த்துசு மலபாரிக்கசின் படங்களும் வைட்டின் ஐகோனிசு தொகுதிகளும் காப்புரிமைக் காலம் கடந்தவை. உலக நூலகங்கள் அவற்றை மின்வடிவில் கட்டணமின்றி வழங்குகின்றன. கந்தர்வக்கோட்டை வட்டாரத்துப் பள்ளிகளில் தாவரவியல் படிக்கும் மாணவர்கள், தங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் முந்திரியின் 1682-ஆம் ஆண்டுப் படத்தை வகுப்பறைச் சுவரில் பார்க்க வேண்டும். பக்கத்தில் சித்தன்னவாசல் தாமரையின் பெரிய ஒளிப்படம் இருக்க வேண்டும். ஐகோனிசிலிருந்து நம் செம்மண்ணில் வளரும் செடிகள் பத்தாவது அவற்றோடு தொங்க வேண்டும். ஆசிரியர்களும் ஊராட்சிகளும் மனம் வைத்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும் வேலை இது. அப்படி அச்சிடும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் செய்ய வேண்டும்: படத்தின் கீழ்விளிம்பை வெட்டிவிடாதீர்கள்; ரங்கையாவின் பெயரும் கோவிந்துவின் பெயரும் அங்கேதான் அச்சாகியிருக்கின்றன.